செம்மறி, கலைமான், எண்ணெய்: ஸ்காட்லாந்தில் ஒரு நாடகம் நிலத்தின் கணக்கைக் கேட்ட கதை

1973ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் ஒரு நாடகக் குழு ஊர் ஊராகப் போனது. கூடவே ஆள் உயரத்துக்கும் மேலான ஓர் அட்டைப் புத்தகமும் போனது. பக்கத்தைத் திருப்பினால் மலை எழுந்து நிற்கும், இன்னொரு பக்கத்தில் குடிசை எழும். ஓவியரும் நாடகாசிரியருமான ஜான் பைர்ன் வடிவமைத்த மேடை அது, அவ்வளவுதான் மொத்த அரங்கமும். பள்ளிக்கூட அறையோ ஊர்ப் பொது மண்டபமோ, எது கிடைத்ததோ அங்கே புத்தகத்தை விரித்து ஆடினார்கள். பிடில்காரர் ஆரம்பித்துவைக்க, எல்லாருக்கும் தெரிந்த ஒரு மலைப் பாட்டைக் கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடும். அப்புறம்தான் கதை தொடங்கும்.

நாடகத்தின் பெயர் 'த செவியட், த ஸ்டாக் அண்ட் த பிளாக், பிளாக் ஆயில்'. செவியட் என்பது ஒரு செம்மறியாட்டு இனம். ஸ்டாக் என்றால் கலைமான். மூன்றாவது, அப்போதுதான் வட கடலில் கிடைத்திருந்த கறுப்பு எண்ணெய். ஜான் மெக்ராத் எழுதி இயக்கினார். ஆடியவர்கள் '7:84' குழுவின் ஸ்காட்லாந்துப் பிரிவு. பிரிட்டன் மக்களில் 7 சதவீதம் பேரிடம் 84 சதவீதச் செல்வம் இருக்கிறது என்று 1966இல் எகனாமிஸ்ட் பத்திரிகையில் வந்த கணக்கைத்தான் அவர்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். மெக்ராத் ஸ்காட்லாந்துக்காரர் அல்ல. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் பிறந்து, தொலைக்காட்சியில் நன்றாகச் சம்பாதித்துப் பெயரும் எடுத்தவர். அதை விட்டுவிட்டு, நாடகக் கொட்டகைக்கே வராத மக்களிடம் நாடகத்தைக் கொண்டுபோகக் கிளம்பினார்.

நில வெளியேற்றத்தைப் பற்றிக் கலையில் பேசும்போது பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது ஒரு கொடூரமான அதிகாரியும் அழுகிற ஒரு கிழவியும்தான். பார்க்கிறவர் மனம் கலங்கும், ஆனால் யார் பணம், எங்கிருந்து வந்தது, ஏன் அந்த வருஷம் வந்தது என்று கேட்கத் தோன்றாது. இந்த நாடகம் அந்தக் கேள்வியை மேடையின் நடுவில் வைத்தது. 50 ஆண்டுகள் கழித்தும் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

வடிவத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஹைலேண்ட்ஸில் 'கெய்லி' என்று ஒரு வழக்கம் உண்டு. மாலையில் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஒருவர் பாடுவார், ஒருவர் கதை சொல்வார், ஒருவர் பிடில் வாசிப்பார். நாடகம் முழுக்க அந்த அமைப்பில் போகிறது. ஹைலேண்ட்ஸின் பழைய மொழியான கேலிக்கில் பாட்டு, நையாண்டிக் காட்சி, ஆவணத்திலிருந்து வாசிப்பு, நேராகப் பார்வையாளரிடம் பேச்சு என்று மாறி மாறி வரும். ஒரே நடிகர் தொப்பியை மாற்றிக்கொண்டு பிரபுவாகவும் குடியானவராகவும் வருவார். டொலினா மெக்லெனன் கேலிக்கில் பாடும்போது முன்வரிசை முதியவர்களுக்கு அது அவர்கள் வீட்டு மொழி. பள்ளிக்கூடத்தில் பேசினால் அடி விழுந்த மொழி மேடையில் மரியாதையோடு ஒலிக்கிறது. நாடகம் முடிந்ததும் நடிகர்களே வாத்தியத்தை எடுக்க, நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஊர் ஆடும். இந்த வடிவத்தின் பயன் ரொம்ப எளிமையானது. தங்கள் கதையைக் கேட்க வந்தவர்கள் யாருக்கும் தாங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற உணர்வு வராது.

சரி, கதைக்கு வருவோம். முதல் பகுதி செம்மறியாடு.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் ஆலைகளுக்குக் கம்பளி தேவைப்பட்டது. ஹைலேண்ட்ஸ் பள்ளத்தாக்குகளில் கொஞ்சம் ஓட்ஸும் பார்லியும் போட்டு, மாடு மேய்த்து, கூட்டாக வாழ்ந்த குடும்பங்கள் தருகிற வாடகையைவிட, அதே நிலத்தை ஒரே ஆட்டுப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டால் பல மடங்கு கிடைக்கும். குளிரைத் தாங்கும் செவியட் ஆடு கிடைத்ததும் கணக்கு முடிந்தது. மனிதர்கள் போக வேண்டும்.

சதர்லாண்ட் சீமையில் இது நடந்த விதத்தைத்தான் நாடகம் விரிவாகக் காட்டுகிறது. சீமையின் கோமகள் எலிசபெத்துக்குப் பரம்பரை நிலம் ஏராளம், கையில் காசு குறைவு. அவள் 1785இல் மணந்தவர் பின்னாளில் ஸ்டாஃபோர்ட் மார்க்விஸ் என்ற பிரபுப் பட்டம் பெற்றார். 1803இல் அவருடைய மாமா பிரிட்ஜ்வாட்டர் டியூக் இறந்தபோது, மான்செஸ்டர் நிலக்கரியைச் சுமந்த புகழ்பெற்ற கால்வாயின் வருமானம் அவருக்கு வந்தது. பின்னால் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதையில் 1,00,000 பவுன் போட்டதும் இதே குடும்பம்தான். கால்வாயிலும் கரியிலும் சேர்ந்த பணம் வடக்கே வந்து, ரோடு போட்டு, பாலம் கட்டி, பள்ளத்தாக்கைக் காலி செய்தது. 'மேம்பாடு' என்றுதான் அவர்கள் சொன்னார்கள். எஸ்டேட்டின் தலைமை நிர்வாகி ஜேம்ஸ் லாக் அந்த மேம்பாட்டுக்காக வாதாடி 1820இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். ஹைலேண்ட்ஸ் வெளியேற்றம் தொழில்மயமாதலுக்கு வெளியே, ஏதோ ஒரு பழைய காலத்து ஓரத்தில் நடந்த சோகம் என்று நினைப்பவர்கள் இந்தப் பண ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆலைக்குக் கம்பளி, நகரத்துக்கு இறைச்சி, இரண்டுக்கும் கால்வாய்க்காசு. எல்லாம் ஒரே இயந்திரம்.

லாக்குக்குக் கீழே பேட்ரிக் செல்லர். வக்கீல், எஸ்டேட் காரியஸ்தர். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கை ஏலத்தில் ஆட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு எடுத்தவரும் அவரே. அதாவது வெளியேற்ற நோட்டீஸ் கொடுத்தவர், வெளியேற்றியவர், வெளியேற்றத்தால் லாபம் அடைந்தவர் மூவரும் ஒருவர். 1814 கோடையில் வீடுகளைக் காலி செய்தபோது கூரை மரங்களுக்குத் தீ வைத்தார்கள். அந்த மரத்தின் மதிப்பு தெரிந்தால்தான் அந்தத் தீயின் அர்த்தம் புரியும். அங்கே சுவர் கல்லும் புல்தரைக் கட்டியும், அது எங்கேயும் கிடைக்கும். மரம்தான் கிடைக்காது. ஒரு குடும்பம் இடம் மாறினால் உத்திரத்தைத் தோளில் சுமந்துகொண்டு போகும். அதை எரித்துவிட்டால் திரும்பி வந்து குடியேறவும் முடியாது, போகிற இடத்தில் வீடு கட்டவும் முடியாது. பாடின்லோஸ்கின் என்ற இடத்தில் படுக்கையில் கிடந்த, கிட்டத்தட்ட நூறு வயது மூதாட்டியை எரிகிற வீட்டிலிருந்து தூக்கி வந்தார்கள். சில நாளில் அவர் இறந்தார். அந்தக் கிழவி வாழ்ந்தது போதும், எரியட்டும் என்று செல்லர் சொன்னதாக ஊர்க் கல்தச்சர் டொனால்ட் மெக்லியாட் பின்னால் எழுதினார்.

உள்ளூர்த் துணை நீதிபதி ராபர்ட் மெக்கிட் விசாரித்து செல்லரைக் கைது செய்தார். 1816 ஏப்ரலில் இன்வர்னெஸில் வழக்கு நடந்தது. ஜூரிகளில் நிலவுடைமையாளர்களே அதிகம். செல்லர் விடுதலையானார். மெக்கிட் வேலையை இழந்தார், செல்லரிடம் மன்னிப்புக் கடிதமும் எழுதிக்கொடுத்தார். நாடகத்தில் செல்லரும் லாக்கும் மேடைக்கு வந்து தங்கள் தரப்பைத் தாங்களே விளக்குவார்கள். ராட்சசர்களாக வருவதில்லை. வாடகைக் கணக்கைத் தெளிவாகப் பேசுகிற மேனேஜர்களாக வருகிறார்கள். மெக்ராத் எடுத்த மிகச் சரியான முடிவு இது என்று நினைக்கிறேன். செல்லரை ஒரு தனிப்பட்ட கொடூரனாக்கியிருந்தால் அவரோடு கதை முடிந்திருக்கும். கணக்கைப் பேசவிட்டதால், அதே கணக்கை வேறு ஆட்கள் பேசும்போது பார்வையாளருக்கு அடையாளம் தெரிகிறது.

விரட்டப்பட்டவர்கள் கடற்கரைக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கே கொடுத்த நிலத்துண்டு வேண்டுமென்றே சிறியதாக இருந்தது. அதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது, கூலிக்குப் போயே ஆக வேண்டும். மேற்குக் கரையிலும் தீவுகளிலும் அந்தக் கூலி வேலை கடற்பாசி எரிப்பு. குளிர்ந்த கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி அறுத்து, கரையில் எரித்து, சோப்புக்கும் கண்ணாடிக்கும் தேவையான காரச் சாம்பல் எடுப்பார்கள். லாபம் நிலப்பிரபுவுக்கு. ஆட்கள் கப்பலேறிப் போய்விட்டால் சாம்பல் யார் எடுப்பது? 1803இல் வந்த பயணிகள் கப்பல் சட்டம், பயணிகளின் பாதுகாப்பு என்ற பெயரில் கப்பல் கட்டணத்தை ஏற்றிவிட்டது. நெப்போலியன் போர்கள் முடிந்து வெளிநாட்டு மலிவுச் சரக்கு வந்ததும் பாசித் தொழில் படுத்தது. உடனே அதே மக்கள் அதிகப்படியானார்கள், கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். உழைப்பு வேண்டும்போது போகவிடாமல் பூட்டு, வேண்டாதபோது துரத்து. ஒரு தலைமுறைக்குள் இரண்டும் நடந்தது.

எதிர்ப்பே இல்லாமல் மக்கள் போய்விட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நாடகம் அதை உடைக்கிறது. நடிகர்கள் முன்னால் வந்து ஊர்ப் பெயர்களைச் சொல்லி, அங்கே என்ன நடந்தது என்று ஆவணங்களிலிருந்து வாசிக்கிறார்கள். பெரும்பாலும் முன்னால் நின்றவர்கள் பெண்கள். நோட்டீஸ் கொண்டுவந்தவரிடமிருந்து காகிதத்தைப் பிடுங்கி எரித்தார்கள், கல்லெறிந்தார்கள். 1854இல் கிரீன்யார்ட்ஸில் போலீஸ் தடியால் அடித்துப் பெண்களின் மண்டையை உடைத்தது. 1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் ஊரில் மேய்ச்சல் நிலத்துக்காகப் போராடியவர்களைப் பிடிக்க கிளாஸ்கோவிலிருந்து 50 போலீஸார் வந்தார்கள், அங்கும் பெண்கள் கற்களோடு காத்திருந்தார்கள். அந்தப் போராட்ட அலைதான் 1886ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிறு குத்தகைதாரரை இனி நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று ஆனது. அந்தக் காலத்துப் போராட்டக் கவி மேரி மெக்ஃபெர்சனின் கேலிக் பாடல்கள் நாடகத்தில் உயிரோடு ஒலிக்கின்றன.

என் மனசில் நிற்பது ஆள்சேர்ப்புக் காட்சி. கிரிமியப் போர் வந்ததும் சதர்லாண்ட் டியூக் படைக்கு ஆள் தேடி வடக்கே வருகிறார். கூட்டம் கூட்டி, காசைக் காட்டி, ரஷ்ய ஜார் எப்படிப்பட்ட கொடுங்கோலன் என்று பேசுகிறார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ஒரு முதியவர் எழுந்து, ஜார் வந்து உங்கள் மாளிகையைப் பிடித்துக்கொண்டாலும், 50 வருஷமாக உங்கள் குடும்பம் எங்களுக்குச் செய்ததைவிட மோசமாக அவர் செய்துவிட மாட்டார் என்கிறார். இந்தப் பேச்சும் மெக்லியாட் எழுதிவைத்ததுதான். மனிதர்களைவிட ஆடுகள் மேல் என்று முடிவு செய்தீர்களே, ஆடுகளே உங்களைக் காப்பாற்றட்டும் என்ற பதில் ஹைலேண்ட்ஸ் வழக்கில் இன்றும் உண்டு. கடைசிக் காலத்தில் முதல் சதர்லாண்ட் டியூக் ஆன அந்த ஸ்டாஃபோர்ட் மார்க்விஸின் சிலை கோல்ஸ்பி ஊருக்கு மேலே பென் பிராகி மலை உச்சியில், குடிகள் நன்றியோடு எழுப்பியது என்ற வாசகத்துடன், 1837இலிருந்து நிற்கிறது.

கனடாப் பகுதியில் நாடகம் தடுமாறுகிறது. நிலம் இழந்தவர்கள் செவ்வாற்றங்கரைக்குப் போய் அங்கே பூர்வகுடிகளின் நிலத்தைப் பறிக்கும் கருவியானார்கள் என்ற உண்மையை மறைக்காமல் சொல்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பூர்வகுடிகளை வேடிக்கைப் பாத்திரங்களாக மேடையேற்றியது அன்றைக்கே யோசித்திருக்க வேண்டிய பிழை. ஸ்காட்லாந்தின் இந்த இரட்டை நிலை நமக்கும் அந்நியமல்ல. இலங்கையின் லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். இலங்கை மலையகத்தில் பால்மோரல், கிளாஸ்கோ என்றே தோட்டங்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்குக் கீழே லயன் அறைகளில் தலைமுறைகளாக இருந்தவர்கள் தமிழ்க் குடும்பங்கள். ஹைலேண்ட்ஸ் கப்பலேற்றத்தையும் மலையகத்தையும் சேர்த்து வைத்துப் படிக்கிற எழுத்து தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும்.

கலைமான் பகுதி சின்னது. விக்டோரியா ராணி பால்மோரல் மாளிகைக்கு வந்ததும் ஹைலேண்ட்ஸ் பணக்காரர்களின் வேட்டைக்காடு ஆகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 35 லட்சம் ஏக்கருக்கு மேல் மான் வேட்டைக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. மேடையில் கிராஸ்க் பிரபுவும் ஃபாஸ்பேட் சீமாட்டியும் ஜோடியாக வேட்டைப் பாட்டுப் பாடுகிறார்கள். சீமாட்டியின் பட்டத்திலேயே ரசாயன ஆலை இருக்கிறது. மண்டபம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டின் தொனி மாறி, முணுமுணுத்தால் மறுபடியும் துரத்துவோம் என்று துப்பாக்கி பார்வையாளர் பக்கம் திரும்பும்.

எண்ணெய்ப் பகுதிதான் நாடகத்தை அன்றைய செய்தியாக்கியது. 1970இல் ஃபார்ட்டீஸ், 1971இல் பிரெண்ட் என்று பெரிய எண்ணெய் வயல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. டெக்சாஸ் ஜிம் என்ற பாத்திரம் மேடைக்கு வருகிறது. என் கொள்ளுத்தாத்தா இந்த ஊர்தான் என்று கட்டிப்பிடித்துப் பேச ஆரம்பிக்கும். ஸ்காட்டிஷ் பிடில் இசை மெல்ல அமெரிக்க ஆட்டமாக மாறும், கூடவே அவர் பேச்சும் கொள்ளையாக மாறும். பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுக்க அரசாங்க அதிகாரி. இதில் மிகைப்படுத்தல் குறைவு. எண்ணெய்க் கம்பெனிகள் மற்ற இடங்களில் காட்டிய நஷ்டத்தைக் கழித்துக்கொண்டு பிரிட்டனில் மிகக் குறைவாக வரி கட்டும் நிலை இருப்பதாக 1973இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவே சொன்னது.

நிலத்தில் அதன் விளைவு உடனே தெரிந்தது. நிக் என்ற இடத்தில், கடலில் நிறுத்தி எண்ணெய் எடுக்கும் ராட்சச மேடைகளைக் கட்டும் தளம் 1972இல் வந்தது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள், தங்க இடமில்லை, பழைய பயணிகள் கப்பலைக் கரையோரம் நிறுத்தி அதில் தங்கவைத்தார்கள். அபர்தீனில் வீட்டு விலை உள்ளூர்க்காரர் கைக்கு எட்டாமல் போனது. டிரம்பூயி என்ற சின்ன ஊரில் ராட்சச கான்கிரீட் மேடை கட்ட இடம் கேட்டபோது ஊரார் எதிர்த்து நின்றார்கள். நீண்ட விசாரணைக்குப் பிறகு 1974இல் அரசு மறுத்தது. தளம் பக்கத்தில் கிஷோர்னுக்குப் போனது. மெக்ராத்தின் குழு இந்தச் செய்திகள் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பகுதிகளில் ஆடியது, புதிய விவரங்களை வசனத்தில் சேர்த்துக்கொண்டே போனது. 1974 ஜூனில் பிபிசி இதை ஒளிபரப்பியபோது இயக்குநர் ஜான் மெக்கென்சி ஊர் மண்டபத்து ஆட்டத்தோடு, எண்ணெய்த் தொழிலாளர்களின் நேர்காணல்களையும் சேர்த்தார்.

நாடகத்தைக் கண்டு அதிகம் மகிழ்ந்தவர்களில் தனிநாடு கேட்கும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியினரும் இருந்தார்கள். இது ஸ்காட்லாந்தின் எண்ணெய் என்ற முழக்கம் அப்போது அவர்களுடையது. கட்சி மாநாட்டிலும் நாடகம் ஆடப்பட்டது. ஆனால் தேசியவாதம் மட்டும் போதாது, ஸ்காட்லாந்து மக்களின் எதிரி அந்நிய முதலாளி மட்டுமல்ல, ஸ்காட்லாந்து முதலாளியும்தான் என்று நாடகமே வெளிப்படையாகச் சொல்கிறது. அழைத்தவர் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

குறை என்று ஒன்றைச் சொல்வேன். செம்மறிப் பகுதியில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வாக்குமூலமும் நிறைந்திருக்கின்றன. எண்ணெய்ப் பகுதியில் கம்பெனிக்காரரின் குரல் கேட்கிற அளவுக்கு கடலில் எண்ணெய் மேடையில் வெல்டிங் செய்கிறவரின் குரல் கேட்பதில்லை. தொலைக்காட்சி வடிவம் அதை ஓரளவு ஈடுசெய்தது. அதே குழு 1982இல் பழைய தொழிலாளர் நாடகங்களைத் தேடி எடுத்தபோது, 1926 சுரங்கக் கதவடைப்பைப் பற்றி ஃபைஃப் சுரங்கத் தொழிலாளி ஜோ கோரி எழுதிய 'இன் டைம் ஓ ஸ்ட்ரைஃப்' மீண்டும் மேடையேறியது. பசியோடு இருக்கிற ஒரு வீட்டில், யார் முதலில் வேலைக்குத் திரும்புவது என்ற கேள்வி குடும்பத்தைக் கிழிப்பதை அதில் பார்க்கலாம். எண்ணெய்த் தொழிலாளிக்கு அந்த அளவு நெருக்கமான காட்சி செவியட் நாடகத்தில் அமையவில்லை.

எண்ணெய்த் தொழிலாளர்களின் கதை 1988 ஜூலை 6 இரவில் உலகத்துக்குத் தெரிந்தது. வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் பழுதுபார்ப்புக்காக வால்வு கழற்றப்பட்டிருந்த ஒரு பம்பை, அந்தத் தகவல் அடுத்த ஷிஃப்டுக்குச் சரியாகப் போய்ச் சேராததால், ஓட்டிவிட்டார்கள். வெடித்தது. எரிகிற மேடைக்குக் குழாய் வழியே இணைந்திருந்த பக்கத்து மேடைகள் உடனே உற்பத்தியை நிறுத்தவில்லை. 167 பேர் இறந்தார்கள். கம்பெனி மீது குற்ற வழக்கு நடக்கவில்லை. வட கடலில் பாதுகாப்பைப் பற்றி வாய் திறந்த ஒப்பந்தத் தொழிலாளியின் பெயருக்கு எதிரே என்.ஆர்.பி. என்று மூன்று எழுத்து விழும். திரும்பத் தேவையில்லை என்று பொருள். அடுத்த ஹெலிகாப்டரில் அவருக்கு இடம் இருக்காது. அது ஒரு நவீன வெளியேற்ற நோட்டீஸ், நோட்டீஸ் என்ற காகிதம்கூட இல்லாதது. விபத்துக்கு அடுத்த ஆண்டு தொழிலாளர்கள் தாங்களே ஓ.ஐ.எல்.சி. என்ற அமைப்பைக் கட்டி, 1990இல் மேடைகளிலேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள்.

நிலத்தின் பக்கம் ஒரு நல்ல செய்தி உண்டு. 1993இல், அதே சதர்லாண்டில், அசின்ட் பகுதியின் சிறு விவசாயிகள் 3,00,000 பவுன் திரட்டி 21,000 ஏக்கர் எஸ்டேட்டைத் தங்கள் அறக்கட்டளையின் பெயரில் வாங்கினார்கள். 2003இல் ஊர்ச் சமூகம் நிலம் வாங்கும் உரிமை சட்டமானது. நாடகத்தால்தான் இது நடந்தது என்று சொன்னால் அந்த விவசாயிகளின் உழைப்புக்கு அது அநியாயம். ஆனால் நிலம் யாருடையது என்ற கேள்வியை ஊர் மண்டபத்தில் சத்தமாகக் கேட்கலாம் என்று ஒரு தலைமுறைக்குப் பழக்கியதில் இந்த நாடகத்துக்குப் பங்கு உண்டு என்று தயங்காமல் சொல்வேன்.

2015இல் டண்டீ ரெப் அரங்கில் ஜோ டக்ளஸ் இயக்கத்தில் நாடகம் மறுபடி வந்தது, 2019இல் ஸ்காட்லாந்து தேசிய நாடக அரங்கோடு சேர்ந்து மீண்டும் சுற்றுப்பயணம் போனது. பைர்னின் அசல் அட்டைப் புத்தகம் இப்போது ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் தனியார் கையில் இருக்கும் கிராமப்புற நிலத்தில் பாதியை 432 பேர் வைத்திருக்கிறார்கள் என்பது 2013ஆம் ஆண்டு மதிப்பீடு.